நேரம் தீர்ந்து கிடைத்த நான்கு புள்ளிகள்

என் கணவர் ஓமனுக்கு வேலைக்குப் போன ஏழாவது மாதத்தில், எங்கள் இருவருக்கும் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. சண்டை எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்டியா?" என்பார். "இனிமேதான். நீங்க?" என்பேன். அங்கே வெயில் அதிகம் என்பார். இங்கே மழை வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை என்பேன். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் பேசினாளா என்று கேட்பார். அதற்குப் பிறகு, மற்றவர் ஏதாவது சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்திருப்போம். போனுக்குள் அவர் அறையின் ஏசி ஓடும் சத்தம் கேட்கும். "சரி, வச்சிடட்டா?" என்று யாராவது ஒருவர் கேட்பதோடு அன்றைய பேச்சு முடியும்.

திருநின்றவூரில் ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடையில் எங்கள் வாடகை வீடு. மூன்று பேருக்கென்று பார்த்த வீட்டில் ஒரே வருஷத்தில் நான் மட்டும் மிச்சமானேன். ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வந்துவிடும். டிவியைப் போட்டுவிட்டு நான் அடுத்த அறையில் இருப்பேன். என்ன ஓடுகிறது என்று பார்க்க மாட்டேன். வீட்டுக்குள் மனுஷக் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது.

தீபாவளிக்கு வந்த மகள் ஒருநாள் சாயங்காலம் எங்கள் போன் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நான் வைத்ததும், "ரெண்டு பேரும் இவ்வளவுதான் பேசுவீங்களாம்மா? ஒரு நிமிஷம்கூட ஆகல" என்றாள்.

"வேற என்ன பேசறது?"

அவள் என் போனை வாங்கி ஒரு செஸ் செயலியை இறக்கினாள். அவள் அப்பாவுக்கும் இங்கிருந்தே எல்லாம் செய்து கொடுத்தாள். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் வரை நேரம் உண்டு. அவசரமே இல்லை. ஒருவர் காயை நகர்த்திவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். மற்றவர் எப்போது முடியுமோ அப்போது பார்த்து ஆடலாம். கூடவே இரண்டு வார்த்தை எழுதி அனுப்பவும் கீழே இடம் இருந்தது.

செஸ் எங்களுக்குப் புதிது இல்லை. அவர் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது கல்லூரி அணிக்கு ஆடியவர். எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆட்டம் போடுவோம். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். நான் ஜெயித்த ஆட்டங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. ஆடும் நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், நான் எதைக் கவனித்தேன், எதைக் கவனிக்கவில்லை என்று. அப்படி என்னை அவர் பார்த்தது வேறு எந்த நேரத்திலும் இல்லை.

செயலியில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. அதுதான் ரேட்டிங் என்று மகள் சொன்னாள். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். நம்மைவிடப் பெரிய எண்காரரை ஜெயித்தால் நிறைய ஏறும், சின்ன எண்காரரை ஜெயித்தால் ஏதோ கொஞ்சம். எங்கள் இருவருக்கும் ஆரம்பத்தில் 1200 என்று காட்டியது. நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

காலையில் நான் வேலைக்கு ரயில் ஏறும்போது ஏழே முக்கால். அங்கே ஆறே கால். அவர் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். நான் பெண்கள் பெட்டியில் இடம் பிடித்து உட்கார்ந்து போனைத் திறந்தால் அவருடைய நகர்த்தல் வந்திருக்கும். அதன் கீழே, "ஜாக்கிரதை" என்றோ, "இங்க ஒரே புழுதிக் காத்து" என்றோ, "நேத்து மீன் குழம்பு நானே வச்சேன், உப்பு ஜாஸ்தி" என்றோ இருக்கும். போனில் சொல்லாததையெல்லாம் அந்த இரண்டு வரியில் எழுதினார். நான் ஆவடி வரைக்கும் யோசித்து, அண்ணனூர் தாண்டும்போது ஆடுவேன். சாயங்காலப் பேச்சும் நீண்டது. "அந்தக் குதிரைய ஏன் அங்க வச்ச?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசியிருக்கிறோம்.

மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? நான் முகம் தெரியாதவர்களோடும் ஆட ஆரம்பித்தேன். அதுவும் அதே மாதிரி மூன்று நாள் ஆட்டம்தான். ஒரே சமயத்தில் ஏழெட்டு பேரோடு ஆடுவேன். யாரோ ஒரு போலந்துக்காரர், பிலிப்பைன்ஸில் ஒரு ஆசிரியை, எந்த ஊர் என்றே தெரியாத பலர். சமையல் முடித்துவிட்டுத் தட்டோடு உட்கார்ந்து ஆடுவேன். செயலியில் தினமும் கொடுக்கும் புதிர்களைப் போடுவேன். எனக்கே தெரியாமல் ஆட்டம் தேறிவிட்டது.

நான்காவது மாதம் அவரை முதல்முறையாக அதில் ஜெயித்தேன். "கவனிக்கல, பஸ்ல தூங்கி வழிஞ்சுட்டே ஆடினேன்" என்றார். இரண்டுபேரும் சிரித்தோம். அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்தேன். அதற்கடுத்ததையும். "இப்ப நீ பெரிய ஆளாயிட்ட" என்றார். அப்போது என் எண் 1400-ஐத் தொட்டிருந்தது. அவருடையது 1130.

எனக்கு அந்த எண்மேல் ஆசை வந்துவிட்டிருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைப் பார்ப்பேன். நான் கொரட்டூருக்குப் பக்கம் பாடியில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க ஒரு பாகத்தை எடுத்து அளந்து, எழுதி, அடுத்ததை எடுக்கும் வேலை. இருபது வருஷமாக என்னை யாரும் அளந்து பார்த்து, நேற்றைக்கு இன்று கூடியிருக்கிறாய் என்று சொன்னதில்லை. 1400 வந்த அன்று யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது. எங்கள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் தலை நிமிர்ந்து, "எத்தனைக்குங்க மேடம்?" என்று கேட்டார்.

பரிட்சை மார்க் மாதிரி நினைத்துவிட்டார். இத்தனைக்கு என்று ஒரு கணக்கு அதில் கிடையாது என்று விளக்க முயன்றேன். "அப்ப அது முடியவே முடியாதா?" என்றார். முடியாது என்றேன். பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கணவரின் நகர்த்தல்கள் தாமதமாக வர ஆரம்பித்தன. தினமும் ஒன்று வந்தது இரண்டு நாளைக்கு ஒன்று ஆனது. பிறகு மூன்றாவது நாள் நேரம் முடியப்போகும் சமயத்தில் வரும். கீழே எழுதும் வரிகள் குறைந்தன. ஒருநாள் வெறும் நகர்த்தல் மட்டும் வந்தது. அடுத்த முறையும் அப்படியே. சாயங்காலப் பேச்சும் பழையபடி மழைக்கும் வெயிலுக்கும் திரும்பியது.

"வேலை ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஒரு பம்ப் மாத்திக்கிட்டு இருக்காங்க" என்றார். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவருக்குப் பராமரிப்பு வேலை.

தோல்விதான் அவரை உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் ரயிலில் வெகுநேரம் யோசித்து, என் ராணியை அவருடைய குதிரை வெட்டக்கூடிய கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். கவனக்குறைவு மாதிரி தெரியட்டும் என்று, "இன்னைக்கு ஒரே தலைவலி" என்று கீழே எழுதினேன். தலைவலி எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நேமிலிச்சேரி தாண்டும்போது அவருடைய நகர்த்தல் வந்தது. அவர் ராணியை வெட்டவில்லை. போர்டின் ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளியிருந்தார். பார்க்காமல் விட்டிருக்க முடியாது. குதிரை தாண்டும் கட்டத்திலேயே ராணி நின்றது. செஸ் தெரிந்த எவனும் முதலில் அதைத்தான் பார்ப்பான். கீழே ஒரு எழுத்தும் இல்லை.

நான் ராணியைப் பழைய இடத்துக்கு எடுத்துக்கொண்டேன். அதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நான்காம் நாள் காலை ரயிலில் போனைத் திறந்தபோது திரையில் பச்சை எழுத்தில் வந்தது: எதிராளியின் நேரம் தீர்ந்துவிட்டது, நீங்கள் வென்றீர்கள், உங்கள் ரேட்டிங் நான்கு புள்ளி கூடியிருக்கிறது. அதோடு காகிதத்துண்டுகள் பறப்பது மாதிரி ஒரு படமும் ஓடியது. அன்று கொரட்டூரில் இறங்க மறந்து வில்லிவாக்கம் போய்த் திரும்பி வந்தேன். ஆட்டத்தில் தோற்றிருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

சாயங்காலம் கேட்டேன். "ஆட்டம் போயிடுச்சே, பாக்கலயா?"

"மறந்துட்டேன்."

"புதுசா ஒண்ணு ஆரம்பிக்கட்டா?"

"ஆரம்பி" என்றார். அழைப்பை அனுப்பினேன். காத்திருக்கிறது, காத்திருக்கிறது என்றே அது பல நாள் கிடந்தது.

கம்பெனியில் நாங்கள் எழுதும் எந்த அளவுக்கும் பக்கத்தில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று இன்னொரு சின்ன எண் போடுவோம். அதற்குள் இருந்தால் இரண்டு பாகங்களும் ஒன்றுதான், எது பெரிது என்று கேட்பதில் அர்த்தமில்லை. இந்தச் செயலிக்காரர்களும் அப்படி ஒன்று போட்டிருக்கலாமே என்று நினைத்தேன். ஆனால் எங்களுக்குள் இருந்த வித்தியாசம் இருநூற்றி எண்பது. எந்தச் சலுகைக்குள்ளும் அது அடங்காது. அவர் போனைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு பெயரும் மேலும் கீழுமாக, இரண்டு எண்ணோடு நிற்கும். அவர் ராணியை வேண்டாம் என்றதால், அவருக்கு வேண்டியது வெற்றி இல்லை, அந்த எண்தான் கண்ணைக் குத்துகிறது என்று முடிவு செய்தேன். அப்படியானால் என் எண்ணை இறக்கிவிடலாம். அது என் கையில்தானே இருக்கிறது.

முகம் தெரியாதவர்களிடம் தோற்க ஆரம்பித்தேன். ஐந்தாறு நகர்த்தல் ஆடிவிட்டு, தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்துவேன். ஒரு ரயில் பயணத்தில் இரண்டு மூன்று ஆட்டம் அப்படிப் போகும். ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆன எண் நாளுக்குப் பத்து, இருபது என்று சரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறை அந்தப் பொத்தானை அழுத்தியதும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வேன். பிலிப்பைன்ஸ் ஆசிரியையோடு ஆடிய ஆட்டத்தில் நான் நன்றாக முன்னே இருந்தேன், அதையும் விட்டேன். அவர் ஆங்கிலத்தில் கேட்டு எழுதியிருந்தார்: "நீங்கள் ஜெயிக்கும் நிலையில் இருந்தீர்களே, உடம்பு சரியில்லையா? முடிந்தபோது மறுபடி ஆடலாம்." அந்த நல்ல மனுஷிக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது?

பட்டாபிராமில் ஏறி அம்பத்தூரில் இறங்கும் ஒரு பெண் தினமும் என் பக்கத்தில் உட்காருவாள். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். செஸ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படிப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"இன்னாக்கா, முன்னாடியெல்லாம் அந்த ஆட்டம் ஆடிகினு வந்தா மொகம் நல்லா இருக்கும். இப்ப இன்னா இப்டி கீற?"

"தோத்துட்டேன்."

"நேத்தும் தோத்த. முந்தாநாளும் தோத்த. தெனம் தோத்துகினேதான் கீற. வராத ஆட்டத்த எதுக்கு ஆடிகினு?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பெயர் தெரியாதவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் எண் எவ்வளவு, என் எண் எவ்வளவு, ராணியை அவர் வெட்டாமல் விட்டது, நேரம் தீர்ந்தது, இப்போது நான் இறங்கிக்கொண்டிருப்பது, எல்லாம். ரயில் இந்துக் கல்லூரியில் நின்று கிளம்பியது. அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"நீ எறங்கினு கீறது ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லலயா?"

"சொன்னா எப்படி? அப்பறம் அதுக்கு அர்த்தமே இல்லையே."

"அப்ப யாருக்கோசரம் தோக்குற?" என்றாள். பிறகு, "எங்க ஊட்ல எம் புருசன் பக்கத்துலயே குந்திகினு கீது, அதுங்கிட்டயே பேச முடியல. நீ இன்னாடான்னா கடல் தாண்டி கீறவருக்கு நம்பர்ல சொல்லினு கீற" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். அம்பத்தூர் வந்ததும் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த வாரமே செயலியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. நான் வேண்டுமென்றே தோற்பதாகத் தெரிகிறது, இது மற்ற ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம், தொடர்ந்தால் கணக்கை முடக்கிவிடுவோம் என்று. திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பெட்டியில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் பார்த்தேன். அப்போது என் எண் 1160.

அடுத்த நாள் மதியம், கம்பெனியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. எழுந்து வெளியே போய் சைக்கிள் ஷெட் பக்கம் நின்று எடுத்தேன்.

"உடம்புக்கு என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லயே. ஏன்?"

"மறைக்காத. ஜுரமா? டாக்டர்கிட்ட போனியா?"

"நல்லாத்தான் இருக்கேன். கம்பெனிலதான் நிக்கறேன்."

"அப்பறம் நம்பர் ஏன் அப்படி எறங்குது? மூணு வாரமாப் பாக்கறேன். தெனமும் எறங்குது. தலைவலின்னு வேற எழுதியிருந்த."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "தெனமும் பாக்கறீங்களா?"

"காலையில பஸ்ல உக்காந்ததும் பாப்பேன். ரெண்டு ஏறியிருக்கும், அஞ்சு எறங்கியிருக்கும். சரி, எழுந்துட்டா, ரயில் ஏறிட்டா, நல்லாயிருக்கான்னு நெனச்சுப்பேன்."

முதலில் எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அதற்குள் கோபம் வந்துவிட்டது. "நம்பரப் பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு நான் என்ன கரண்ட் மீட்டரா? அழைப்பு அனுப்பி ஒரு மாசம் ஆகுது. அத ஏத்துக்கிட்டு ஒரு நகர்த்தல் ஆடியிருந்தா நானே சொல்லியிருப்பேனே, நல்லாயிருக்கேன்னு."

அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல். நானே சொன்னேன்.

"நான் வேணும்னுதான் தோத்தேன்."

"எதுக்கு?"

"உங்க நம்பருக்குச் சமமா வரணும்னு."

"அன்னைக்கு ராணியையும் அதுக்குத்தான் வச்சியா?" என்றார்.

"ஆமா."

"தெரியும்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "முதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ரூம்ல எல்லார்கிட்டயும் நான் காலேஜ் டீம்ல ஆடினவன்னு சொல்லி வச்சிருந்தேன். ஆனா அதுகூடப் பழகிடுச்சு. நீ என்னப் பாவம்னு பாத்த பாரு, அதுதான் ஆகல. அதுக்கப்பறம் போர்டத் தொறக்கவே பிடிக்கல."

"இனிமே அப்படிப் பண்ணாத" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார். நான் உள்ளே போனபோது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

அழைப்பை அன்றே ஏற்றுக்கொண்டார். ஆனால் ரேட்டிங் கணக்கில் வராத ஆட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். எண்கள் அசையாமல் நின்றன. நகர்த்தல்கள் வந்தன, போயின. கீழே எழுதும் வரிகள் மட்டும் பழையபடி வரவில்லை. இரண்டு பேருமே எதையோ உடைத்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஆடினோம்.

ஆனியில் இருபத்திரண்டு நாள் விடுமுறையில் வந்தார். மகள் பரிட்சை முடிந்து கடைசி வாரம்தான் வந்தாள். அதுவரை நாங்கள் இருவர் மட்டும். அவர் இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தேடினார். விருந்தாளி மாதிரி, "இந்தத் துண்ட எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே அலமாரியிலிருந்து போர்டை இறக்கித் தூசு தட்டினார்.

ஜெயித்தது நான்தான். அடுத்தடுத்த நாட்களிலும் ஆடினோம். பெரும்பாலும் நானே ஜெயித்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் காய்களை அடுக்கினார். திரையில்லாமல், எண்ணில்லாமல் எதிரே உட்கார்ந்து ஆடுவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முன்பு அவர் என் முகத்தைப் பார்ப்பார் என்று சொன்னேன் இல்லையா, இப்போது பார்க்கவில்லை. போர்டையே பார்த்தார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு நீண்ட ஆட்டம். நடுவில் நான் ஒரு யானையைத் தப்பாக நகர்த்திவிட்டேன். அவர் அதை விடாமல் பிடித்து, இருபது நகர்த்தலுக்கு மேல் இழுத்து, அழகாக முடித்தார். நன்றாக ஆடினார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கையை நீட்டினேன். அவர் நீட்டவில்லை. என் ராஜாவைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நெஜமாதான ஆடின?"

"நெஜமாதான்."

"அந்த யானை?"

"தப்பு பண்ணிட்டேங்க. சத்தியமா."

"சரி" என்றார். நம்பவில்லை. நம்ப முயற்சி செய்தார், அது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு மூன்று வாரம் நான் யார் யாரிடமோ தோற்றதில் இவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. இனிமேல் இவர் என்னை எப்போது ஜெயித்தாலும் அந்தச் சந்தேகம் கூடவே வரும். அவருக்கு ஒரு நல்ல வெற்றியை என்னால் இனி கொடுக்க முடியாது. அன்று மதியம் முழுவதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பூந்தமல்லி தாண்டும்போது சொன்னார். மகள் வண்டியின் முன்சீட்டில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரம் போனில் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னபோது, "அது வெறும் நம்பர்தானேம்மா, நீங்க ரெண்டு பேரும் ஏன் இவ்வளவு பெருசா எடுத்துக்கிட்டீங்க? நீங்க என்ன டோர்னமென்ட்டா ஆடறீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்பது நியாயம்தான். எங்கள் மாதிரிப் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களுக்கு அது வெறும் எண்தான். அது என்னைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. இந்தப் பெண்மணி இப்போதைக்கு இந்த அளவுக்கு ஆடுவாள் என்றுதான் சொன்னது. அதைப் பொய் சொல்ல வைத்தவள் நான். அவர் அதை என் உடம்பு நலம் என்று படித்தார், நான் அதை அவர் மனசு என்று படித்தேன். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது. கேட்கத் தெரியாமல்தான் அந்தச் செயலிக்கே போனோம்.

அவர் போன பிறகு நானே சொன்னேன், மறுபடியும் ரேட்டிங் கணக்கிலேயே ஆடுவோம் என்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எல்லாரோடும் என்னால் முடிந்த அளவுக்கு ஒழுங்காக ஆடினேன். எண் மெதுவாக ஏறியது. இப்போது 1370 பக்கம் நிற்கிறது. முன்போலக் காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பதில்லை என்று சொல்ல ஆசைதான். பார்க்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு, இப்போது வேறு ஆட்களோடும் ஆடும் அவருடைய எண்ணையும் ஒருமுறை பார்க்கிறேன். எழுந்துவிட்டார், பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பட்டாபிராம் பெண்ணுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, இப்போது அந்த ரயிலில் வருவதில்லை. அவளுடைய இடத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள்.

அவரோடு நான் விட்டுக்கொடுக்காமல் ஆடுகிறேன். பெரும்பாலும் ஜெயிக்கிறேன். பாசம் காட்டுகிறேன் என்று ஒரு சிப்பாயைக்கூடக் கொடுப்பதில்லை. போன வாரம் ஒரு ஆட்டத்தின் நடுவில் அவர் டிரா கேட்டார். இதுவரை அவர் என்னிடம் டிரா கேட்டதே இல்லை. திரையில் ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஆட்டம் என் பக்கம்தான் இருந்தது. கொஞ்சம் பொறுமையாக ஆடினால் ஜெயித்துவிடலாம். வண்டி அண்ணனூரில் நின்றது, திருமுல்லைவாயிலில் நின்றது. நான் இல்லை என்பதை அழுத்திவிட்டு, என் மந்திரியை நகர்த்தினேன்.

கொரட்டூர் நடைமேடையில் இறங்கும்போது போன் சிணுங்கியது. காயை நகர்த்தியிருந்தார். வெகுநாளுக்குப் பிறகு கீழே எழுதியிருந்தார்: "சரி. ஆடு."